விரல் மடங்காவிட்டால் நாளைக்கென்று விடாதீர்கள்

வாசகர் கேள்வி பதில்: கையும் மணிக்கட்டும்

கை, மணிக்கட்டு வருத்தங்கள் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடிதங்கள் நிறையவே வந்தன. தொழில்வழிச் சிகிச்சையாளராக நாள் முழுக்க நான் பார்ப்பது கைகளைத்தான். என்றாலும் இவற்றை வாசிக்க மனம் கனத்தது. பாதிப்பேர் பிந்திவிட்டார்கள். இரண்டு கிழமைக்குள் வந்திருந்தால் ஒரே சத்திரசிகிச்சையோடு முடிந்திருக்கும் காரியம், இப்போது இரண்டு மூன்றாக வளர்ந்து நிற்கிறது. அதனால் பதில்களில் நாள்க்கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சொல்வது வழிகாட்டல் மட்டும். உங்கள் கையை ஒரு வைத்தியர் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

வாசகி, அளவெட்டி: தேங்காய்ச் சொட்டுக் கிண்டும்போது கத்தி வழுக்கி இடது உள்ளங்கையில், சின்னி விரலுக்குக் கீழே குத்திவிட்டது. காயம் சின்னது. பக்கத்தில் ஒரு வைத்தியரிடம் இரண்டு தையல் போட்டேன். காயம் வடிவாக ஆறிவிட்டது, ஆனால் சின்னி விரல் மடங்குதில்லை. ஐந்து கிழமையாகிறது. போகப் போகச் சரிவரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரிவருமா?

தங்கச்சி, தானாகச் சரிவராது. இந்தக் கிழமையே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. அங்கே காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டும் போகலாம்.

கத்தி தோலோடு நிற்கவில்லை, உள்ளே தசைநாணையும் அறுத்திருக்கிறது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் கிடையாது. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கை வழியாக விரலுக்குப் போகின்றன. பெருவிரலைத் தவிர மற்ற விரல்களுக்கு இரண்டிரண்டு. மேலால் போவது நடுமூட்டை மடக்கும், ஆழத்தில் போவது நுனிமூட்டை மடக்கும். விரல் தொடங்குகிற இடத்தில் இரண்டும் ஒடுக்கமான ஓர் உறைக்குள் சேர்ந்து ஓடுகின்றன. உங்களுக்குக் குத்துப்பட்டது அங்கேதான். அறுந்த நாணைத் தசை தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அறுந்த முனை உள்ளங்கைக்கோ மணிக்கட்டுக்கோ ஏறிவிடும். வெளியே தோல் ஆறியிருக்க, உள்ளே இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் கிடக்கும்.

ஒருகாலத்தில் அந்த உறைக்குள் அறுந்த நாணை உடனே தைக்க நிபுணர்களே பயந்தார்கள், தைத்தால் சுற்றிவர ஒட்டிப்போகும் என்று. இப்போது அப்படியில்லை. முதல் சில நாட்களுக்குள், மிஞ்சினால் இரண்டு கிழமைக்குள், முனையைத் தேடிப்பிடித்து இழுத்து நேரடியாகத் தைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு தசை சுருங்கிவிடும், வெறுமையான உறை ஒட்டிவிடும். ஐந்து கிழமையில் நேரடித் தையல் சிலருக்குச் சரிவரும், பலருக்குச் சரிவராது. அப்படியானவர்களுக்கு மணிக்கட்டிலிருந்து ஒரு மெல்லிய நாணை எடுத்து ஒட்டுப்போடுவார்கள். உறை முற்றாகத் தழும்பேறியிருந்தால் முதலில் ஒரு சிலிக்கோன் தண்டை உள்ளே வைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் விட்டு, அது உண்டாக்கிய பாதைக்குள் ஒட்டு நாணைக் கொண்டுபோவார்கள். நீளமான வழிதான், ஆனாலும் வழி இருக்கிறது.

எந்தச் சத்திரசிகிச்சை என்றாலும் மூட்டு இறுகியிருந்தால் பயன் தராது. ஆகவே இன்றிரவே தொடங்குங்கள்: வலது கையால் அந்தச் சின்னி விரலை மெல்ல முழுக்க மடக்குங்கள், பிறகு முழுக்க நிமிர்த்துங்கள். சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கப் போகும்போதும் பத்துப் பத்துத் தடவை. விரலின் இரண்டு ஓரங்களையும் தொட்டும் பாருங்கள். நாணோடு ஒட்டினாற்போல் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. ஒரு ஓரம் விறைத்துக் கிடந்தால் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், நரம்பும் அறுந்திருக்கலாம்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. உள்ளங்கையில் அல்லது விரலில் வெட்டுப்பட்டால் காயத்தின் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கையை மேசையில் மல்லாத்தி, தளர விடுங்கள். சுகமான கையில் விரல்கள் தாமாகவே சற்று வளைந்து நிற்கும். சுட்டுவிரலைவிட நடுவிரல் கூட, சின்னி விரல் எல்லாவற்றையும்விடக் கூட. அதில் ஒரு விரல் மட்டும் நீட்டி நிமிர்ந்து கிடந்தால் நாண் போய்விட்டது. பிறகு அந்த விரலின் நடுப்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். நுனி அசையவில்லை என்றால் அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தையல் போட்டவரிடமும் "நாணைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சொட்டுக் கிண்டி வெட்டுப்பட்ட கைகள் எங்கள் ஊரில் எத்தனை! தேங்காய்ப் பாதியை உள்ளங்கையில் ஏந்தி, கத்தி முனையைத் தன் கையை நோக்கியே தள்ளுகிறோம். சிரட்டையை அடுப்பில் சற்று வாட்டினால் சொட்டுக் கழன்று வரும். அதற்கு நேரமில்லை என்றால், மடித்த சாக்கின்மேல் வைத்து, பிடிக்கிற கை கத்தியின் வழியில் நிற்காமல் பார்த்துக் கிண்டுங்கள்.

வாசகர், கொடிகாமம்: தம்பிக்குக் கண்ணாடி வெட்டி இடது கையில் நாண் தைத்து மூன்று கிழமை. நோ இல்லை, விரல் நன்றாக மடங்குகிறது. ஸ்பிளின்டை (கையை அசையாமல் தாங்கும் மட்டையை) கழற்றிவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடலாமா என்று கேட்கிறான்.

ஓடக்கூடாது. ஸ்பிளின்டைக் கழற்றவும் கூடாது. இடது கையால்தான் கிளச் பிடிக்கவேண்டும். அந்த ஒரு இழுவை போதும், தைத்த நாண் அறுந்துபோக. நோ இல்லை என்பது நாண் பொருந்திவிட்டதற்கு அடையாளம் இல்லை. முதல் சில கிழமைகளில் நாணைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த நூல்தான். விரல் நன்றாக இயங்குகிறவர்களுக்குத்தான் துணிவு கூடுகிறது. அவர்களில் ஆரோ ஒருவர் தண்ணி வாளியைத் தூக்கிவிட்டு, "டக்கென்று ஒரு சத்தம் கேட்டது" என்று கண் கலங்கி வந்து நிற்கும்போது எங்களுக்கும் தாங்காது.

கணக்கு இதுதான்: ஆறு கிழமை வரை ஸ்பிளின்ட். அதன்பின் கோப்பை பிடிப்பது, உடுப்பு மாட்டுவது போன்ற மெல்லிய வேலை. எட்டுக் கிழமையளவில் பலப் பயிற்சி தொடங்கும். பாரம் தூக்கவும் மோட்டார் சைக்கிள் ஓடவும் பன்னிரண்டு கிழமை. அதற்காகக் கையை ஆட்டாமல் பொத்தி வைத்திருக்கவும் கூடாது, நாண் ஒட்டிப்போகும். ஸ்பிளின்டுக்குள் இருந்தபடியே, மற்றக் கையால் விரலை மடக்கி, பிறகு தானாக மெல்லப் பிடித்து, நிமிர்த்துகிற பயிற்சியை உங்கள் சிகிச்சையாளர் சொன்ன எண்ணிக்கையில் செய்யவேண்டும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். முழு மயக்கம் கொடுக்காமல், விறைப்பூசி மட்டும் போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே நாண் தைக்கும் முறை இப்போது உலகம் முழுக்கப் பரவிவருகிறது. கனடாவின் டொனால்ட் லலோண்ட் என்ற நிபுணர் அதற்காக நிறைய உழைத்தவர். தைத்து முடிந்ததும் அந்த மேசையிலேயே விரலை மடக்கச் சொல்லி, தையல் எங்கேயாவது தடக்குகிறதா என்று பார்த்த பிறகே தோலை மூடுவார்கள்.

வாசகி, சுன்னாகம்: இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறேன். வயது 46. இரவில் வலது கை விறைத்து நித்திரை குழம்புகிறது, எழும்பி உதறினால்தான் சுகம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மோசம். இப்போது ஊசியில் நூல் கோர்க்கவும் முடியவில்லை. நரம்பில் ஒப்பரேசன் செய்தால் கை வராமல் போகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா.

அம்மா, நீங்கள் எழுதிய மூன்றும், இரவில் விறைப்பதும், உதறினால் சுகப்படுவதும், அந்த மூன்று விரல்களும், சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது கார்ப்பல் ரனல் வருத்தத்தைத்தான். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் வளைவாக அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கு மேல் ஒரு தடித்த நார்ப்பட்டை. இடையிலுள்ள ஒடுக்கமான வழியால் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசிபடுவது நரம்பு. அந்த நரம்புதான் நீங்கள் சொன்ன மூன்று விரல்களுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது. நித்திரையில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் உள்ளே அழுத்தம் கூடும், அதனால்தான் இரவில் எழுப்புகிறது. சின்னி விரலும் சேர்ந்து விறைத்தால் கதை வேறு. முழங்கையையும் கழுத்தையும் பார்க்கவேண்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெருவிரலின் அடியிலுள்ள சதை மேட்டைப் பாருங்கள். வலது பக்கம் தட்டையாக, உள்ளே ஒடுங்கியிருக்கிறதா? நூல் கோர்க்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை. சதை வற்றத் தொடங்கியிருந்தால் காத்திருக்கும் காலம் போய்விட்டது. நரம்புப் பரிசோதனை ஒன்று எடுத்து, சத்திரசிகிச்சை பற்றிப் பேசவேண்டும். வற்றவில்லை, விறைப்பும் வந்து வந்து போகிறது என்றால் முதலில் இரவு ஸ்பிளின்ட்: மணிக்கட்டை நேராகப் பிடிக்கும், விரல்கள் சும்மா இருக்கும். ஆறு கிழமை ஒரு இரவும் விடாமல் போட்டுப் படுங்கள். அதோடு சீனியையும் தைரொயிட்டையும் சோதியுங்கள். இரண்டும் இந்த வருத்தத்தைக் கொண்டுவரக்கூடியவை. ஸ்டீரொயிட் ஊசி பலருக்குச் சில மாதம் நல்ல சுகம் தரும்.

சத்திரசிகிச்சையில் நரம்பை வெட்டுவதில்லை. நரம்பை அழுத்துகிற அந்த நார்ப்பட்டையைத்தான் வெட்டி விடுகிறார்கள். விறைப்பூசியோடு அரைமணிக்குள் முடியும், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். அன்று பின்னேரமே விரல்களை மடக்கி நிமிர்த்தத் தொடங்கவேண்டும். இரவு விறைப்பு பலருக்குச் சில நாட்களிலேயே விட்டுவிடும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் அழுத்தினால் வரும் நோ மட்டும் இரண்டு மூன்று மாதம் இழுக்கலாம், பயப்படாதீர்கள், மாறும். எந்தச் சத்திரசிகிச்சைக்கும் சிறிய ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை கை வராமல் போனவர்கள் பெரும்பாலும் வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டு இருந்தவர்கள். சதை வற்றியபின் நார்ப்பட்டையை வெட்டினாலும் பழைய பலம் முழுக்கத் திரும்புவது கஷ்டம்.

தொழிலை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மூன்று கடையும்தான் உங்கள் வீட்டு அடுப்பு. உரலைப் பிழிகிற விதத்தை மாற்றலாம். உயரமான மேசையில் தட்டை வைத்து மணிக்கட்டை மடக்கிப் பிழிய வேண்டாம். தட்டைத் தாழ வைத்து, கை நேராக நிற்க, உடம்பின் பாரத்தால் அழுத்துங்கள். நன்றாகக் கொதித்த தண்ணீரில் மாவை இளக்கமாகக் குழையுங்கள். உரலின் இரண்டு பிடிகளிலும் பழைய துணியைச் சுற்றித் தடிப்பாக்குங்கள், விரல்கள் இறுக்கிப் பிடிக்கத் தேவை வராது. சத்திரசிகிச்சை செய்தால் ஆறு கிழமைக்காவது பிழிகிற வேலையை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும். அதை இப்போதே பேசி வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்: காலையில் மோதிர விரல் மடங்கினபடி நிற்கிறது. மற்றக் கையால் நிமிர்த்தினால் 'டிக்' என்று விடுகிறது. சீனி வருத்தமும் உண்டு.

ஐயா, இது கொழுவு விரல். விரலின் அடியில் நாண் நுழையும் வாசல் தடித்துப்போய் நாணைப் பிடிக்கிறது. சீனி வருத்தக்காரருக்கு அடிக்கடி வரும். ஒரு ஊசியில் மாறக்கூடும். ஊசி போட்டபின் சில நாள் சீனி ஏறும், அளந்து பாருங்கள். மாறாவிட்டால் விறைப்பூசியோடு ஒரு சின்னச் சத்திரசிகிச்சை. சொடக்கு எடுப்பதுபோல் திரும்பத் திரும்ப விரலைச் சொடுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள், வீக்கம் கூடும்.

வாசகி, வேலணை: பிள்ளைக்கு மூன்று மாதம். தூக்கும்போது பெருவிரல் பக்கத்து மணிக்கட்டு வெட்டி இழுக்கிறமாதிரி நோகுது. பத்தியம் சரியாகக் காக்காததால் வாயு ஏறியிருக்கு என்று மாமி சொல்கிறா.

மாமி அக்கறையில் சொல்கிறா, கோபிக்காதீர்கள். ஆனால் காரணம் சாப்பாடு இல்லை, பிள்ளையைத் தூக்கும் விதம். இரண்டு பெருவிரலையும் விரித்துப் பிள்ளையின் கக்கத்துக்குள் கொடுத்துத் தூக்குகிறீர்கள். பெருவிரல் நாண்கள் இரண்டு ஓடுகிற உறை மணிக்கட்டோரம் தடித்துவிடுகிறது. சுவிற்சர்லாந்து வைத்தியர் ஃபிரிட்ஸ் டி குவேர்வன் 1895 இல் விவரித்த வருத்தம் இது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. இனி ஒரு கையைப் பிள்ளையின் குண்டிக்குக் கீழும் மற்றதைத் தலைக்குப் பின்னும் கொடுத்து, உள்ளங்கையால் அள்ளித் தூக்குங்கள். பால் கொடுக்கும்போது தலையணை பிள்ளையைத் தாங்கட்டும், உங்கள் மணிக்கட்டு தாங்கவேண்டாம். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் சில கிழமை போட்டால் பலருக்கு மாறும். மாறாவிட்டால் ஊசி. பால் கொடுக்கிறீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்காக ஊசியை மறுக்கவேண்டியதில்லை. மாமியிடம் ஒரு உதவி கேளுங்கள்: பிள்ளையின் துணிகளைப் பிழிகிற வேலையை இரண்டு மாதம் அவ எடுத்துக்கொள்ளட்டும்.

வாசகர், நாவாந்துறை: வயது 20. கழக அணியில் கோல் காப்பாளர். பந்துக்குப் பாய்ந்து வலது கையை ஊன்றி விழுந்தேன். அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு இல்லை. பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டினேன், வீக்கம் வற்றியது. ஐந்து மாதமாகியும் தண்டால் எடுக்கும்போதும் பந்தைக் குத்தும்போதும் நோகிறது.

தம்பி, பெருவிரலை மேல்நோக்கி நன்றாக நிமிர்த்து. அதன் அடியில், மணிக்கட்டோரம் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். மற்றக் கை விரலால் அந்தக் குழிக்குள் அழுத்திப் பார். துள்ளுகிறமாதிரி நொந்தால் இனி விளையாட வேண்டாம், எலும்புச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போ. அந்தக் குழிக்குள் இருப்பது ஸ்கபோயிட் என்ற சின்ன எலும்பு. கையை ஊன்றி விழும் இளம் வயதுக்காரருக்கு அடிக்கடி முறிவது இதுதான்.

விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது வழமை. அதனால்தான் குழியில் நோ இருந்தால் முறிவு இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கவேண்டும், அல்லது ஸ்கான் செய்யவேண்டும். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையால் நுழைந்து முன்கைப் பக்கம் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் போகாது. பொருந்தப் பிந்தும், சிலவேளை அந்தத் துண்டு செத்தும் போகும். ஐந்து மாதத்திலும் நோகிறது என்றால் பொருந்தாமல் இருக்கிறதா என்று சி.ரி. ஸ்கானில் பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால் இடுப்பெலும்பிலிருந்தோ மணிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்தோ கொஞ்ச எலும்பு எடுத்து வைத்து, தலையில்லாத ஒரு சின்ன ஆணியால் இறுக்குவார்கள். அவுஸ்திரேலியாவின் திமதி ஹேர்பேட் உருவாக்கியது அந்த ஆணி. முழுவதும் எலும்புக்குள்ளேயே புதைந்து நிற்கும். இப்போது விட்டால் வருடங்கள் போக மணிக்கட்டு மூட்டே தேயும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு விடு, எலும்பு பொருந்துவதை அது பிந்தப்பண்ணும்.

எங்கள் ஊரின் முறிவு நெரிவு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. பரம்பரையாகச் செய்கிறவர்கள், கைராசி உள்ளவர்கள் என்று சனம் நம்பிப் போகிறது. நான் கேட்பது இரண்டுதான். எக்ஸ்ரே இல்லாமல் உருவக் கை கொடுக்காதீர்கள். கட்டினபின் விரல் நீலித்தால், விறைத்தால், நோ மணிக்கு மணி கூடினால், நடு இரவு என்றாலும் கட்டை அவிழ்த்துவிட்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். இரத்தம் போகாத தசை சில மணித்தியாலங்களில் செத்துவிடும். சின்னப் பிள்ளைகளின் முழங்கை முறிவில் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள்.

விவசாயி, புன்னாலைக்கட்டுவன்: இறைக்கும் மெசினின் பெல்ற் விரலைத் துண்டாக்கினால் உடனே என்ன செய்யவேண்டும்?

வெட்டுவாயைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கோப்பித்தூள், மஞ்சள் ஒன்றும் போடவேண்டாம். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். துண்டைத் தேடி எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் மெல்ல அலசுங்கள், தேய்க்கவேண்டாம். ஈரத் துணியில் சுற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு, காற்றுப் போகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பைக்குள் வையுங்கள். துண்டு நேராக ஐஸில் படவே கூடாது, விறைத்துச் செத்துவிடும். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். வழியில் தேத்தண்ணி, சாப்பாடு கொடுக்காதீர்கள், மயக்கம் கொடுக்கவேண்டி வரலாம். விரலில் தசை இல்லை என்பதால் குளிரில் வைத்த விரல் ஒரு நாளளவு தாங்கக்கூடும். மணிக்கட்டோடு போன கைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. 1965 இல் ஜப்பானில் கொமட்சு, தமாய் என்ற இருவர் துண்டான பெருவிரலை முதன்முதல் ஒட்டினார்கள். இன்றும் பெருவிரலுக்கும் சிறுபிள்ளைகளின் விரல்களுக்கும்தான் முதல் முயற்சி. பெல்ற்றில் நசிந்து பிய்ந்தது பலவேளை ஒட்டாது. என்றாலும் அதைத் தீர்மானிக்கவேண்டியவர் சத்திரசிகிச்சை நிபுணர். துண்டை எறிந்துவிட்டு வராதீர்கள். பெல்ற்றுக்கு ஒரு மூடி அடித்து வையுங்கள் ஐயா, தகரம் என்றாலும் போதும்.

வாசகி, ரொறன்ரோ: உடுவிலில் இருக்கும் அம்மாவுக்கு 68 வயது. விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமையில் பிளாஸ்டர் வெட்டினார்கள். இப்போது கை வீங்கி, தோல் மினுங்கி, எரிகிறது என்கிறா. விரலும் மடங்குதில்லை, மணிக்கட்டும் சற்றுக் கோணல். இந்தியாவுக்குக் கூட்டிப்போய் ஒப்பரேசன் செய்யட்டுமா?

அவசரப்பட்டு ஒப்பரேசனுக்கு ஓடாதீர்கள். நீங்கள் எழுதிய வீக்கம், மினுக்கம், எரிவு மூன்றும் சேர்ந்தால், முறிவுக்குப் பிறகு நரம்புகள் அளவுக்கு மிஞ்சி விழித்துக்கொள்ளும் ஒரு நோவு நிலையாக இருக்கலாம். அதற்குக் கத்தி மருந்தாகாது, சிலவேளை கூட்டியும் விடும். அம்மாவுக்கு வேண்டியது நோவுக்கு நல்ல மருந்தும் நாளாந்தப் பயிற்சியும், அதுவும் இந்தக் கிழமையே.

கோணலைப் பற்றியும் சொல்லவேண்டும். டப்ளினில் ஏப்ரஹாம் கொலிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எக்ஸ்ரே இல்லாத காலத்தில், 1814 இல், இந்த மணிக்கட்டு முறிவை விவரித்தார். வடிவம் கோணலாக நின்றாலும் காலம் போக நோவும் போய்க் கை இயங்கும் என்றும் அப்போதே எழுதினார். வயதானவர்களில் நாங்கள் காண்பதும் பெரும்பாலும் அதுதான். கோணல் கிடக்கட்டும், விரல்களை மீட்போம்.

அம்மாவோடு இருப்பவரிடம் சொல்லுங்கள். கையைத் தொங்கவிடாமல், இருக்கும்போது தலையணையில் நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைக்கவேண்டும். மணிக்கு ஒருமுறை விரல்களை நீட்டி, நுனியை மட்டும் கொக்கிபோல் மடக்கி, பிறகு முழுக்கப் பொத்த முயலவேண்டும். கழுத்துக் கட்டில் கை கிடந்தால் தோள்மூட்டும் இறுகிவிடும், அதையும் மேலே உயர்த்தவேண்டும். தொட்டாலே எரிகிற தோலை முதலில் பஞ்சு, பிறகு மெல்லிய சீலை, பிறகு துவாய் என்று பழக்கவேண்டும். ஒரு சட்டியில் பயறைப் போட்டு அதற்குள் கையைப் புதைத்து விரலை அசைப்பது எங்கள் அம்மாமாருக்கு நன்றாகப் பிடிக்கும். கை வேலை செய்வது தெரியாமலே வேலை செய்யும். சுடு எண்ணெய் போட்டு ஆராவது இழுத்து உருவினால் மட்டும் தடுத்துவிடுங்கள். நீங்கள் வீடியோவில் கதைக்கும்போது "நோ எப்படி?" என்று கேட்பதோடு விடாமல், "விரலை மடக்கிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். அவ உங்களுக்குக் காட்டுவதற்காகவே செய்வா. எலும்பின் உறுதியையும் ஒருமுறை சோதிக்கவேண்டும், அடுத்த விழுகை இடுப்பை முறிக்கக்கூடாது.

வாசகர், சாவகச்சேரி: 2009 இல் முல்லைத்தீவில் செல் துண்டு வலது மேற்கையில் பட்டது. காயம் ஆறியது, ஆனால் அன்றிலிருந்து மணிக்கட்டு தொங்குகிறது. விரலை மடக்கலாம், நிமிர்த்த முடியாது, பிடியிலும் பலம் இல்லை. துண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. இடது கையால் பழகிவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஏதும் செய்யலாமா?

செய்யலாம் ஐயா. உங்களைப்போல் எத்தனையோ பேர் "இனி என்ன" என்று விட்டுவிட்டார்கள். அவர்களும் இதைப் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

மேற்கை எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு அடிபட்டிருக்கிறது. நரம்பைத் தைக்கும் காலம் கடந்துவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்த தசை, நரம்பைப் பொருத்தினாலும் திரும்பி வேலை செய்யாது. ஆனால் நாண் மாற்றும் சத்திரசிகிச்சைக்கு வருடக்கணக்கு இல்லை. மணிக்கட்டை மடக்க, முன்கையைத் திருப்ப என்று உங்களிடம் வேலை செய்கிற தசைகள் பல இருக்கின்றன. அவற்றில் இல்லாமல் சமாளிக்கக்கூடியவற்றின் நாணை எடுத்து, மணிக்கட்டையும் விரல்களையும் பெருவிரலையும் நிமிர்த்தும் நாண்களோடு தைத்துவிடுகிறார்கள். நான்கு கிழமையளவு கட்டு. அதன் பிறகு எங்கள் வேலை: மடக்க என்று வாழ்ந்த தசைக்கு நிமிர்த்தப் பழக்குவது. முதல் நாட்களில் மூளை குழம்பும், பிறகு பிடிபடும்.

இந்த வழியைக் கைகளுக்குத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் எங்கள் மொழி பேசும் மண்ணில் பிறந்தவர். 1914 இல் கொல்லிமலையில் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் கொக்கிபோல் வளைந்தவர்களைத் தொடவே உலகம் தயங்கிய காலம். அவர்களின் முன்கைத் தசைகள் நல்லாக இருப்பதைக் கண்டு, அவற்றின் நாணை மாற்றித் தைத்து விரல்களை விரியவைத்தார். இந்தியாவுக்குப் போவது பற்றிக் கேட்கும் வாசகர்களுக்கும் சொல்கிறேன்: வேலூர், சென்னை ஸ்டான்லி, கோயம்புத்தூர் கங்கா வைத்தியசாலைகளில் கைச் சத்திரசிகிச்சைக்கென்றே பிரிவுகள் உண்டு. ஆனால் முதலில் இங்கே காட்டுங்கள். இங்கேயே முடியும் காரியத்துக்குக் காணி அடகு வைக்கவேண்டாம்.

கிளினிக்குக்குப் போகுமுன் உங்கள் கையை ஆயத்தப்படுத்துங்கள். இடது கையால் வலது மணிக்கட்டையும் விரல்களையும் முழுக்க நிமிர்த்திப் பாருங்கள், தடையில்லாமல் வருகிறதா? இறுகியிருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து, நாளும் பொழுதும் மெல்ல நிமிர்த்துங்கள். இறுகிய மூட்டை எந்த நாணாலும் அசைக்க முடியாது. மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் ஒன்றை உடனே கேட்டு வாங்குங்கள். அதைப் போட்டதும் பிடியில் பலம் கூடுவதை அன்றைக்கே உணர்வீர்கள். பழைய வைத்தியசாலைச் சீட்டுகள் எது மிஞ்சியிருந்தாலும் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்று ஆராவது எழுதினால், உள்ளே செல் துண்டு இருக்கிறது என்று எழுதுகிறவரிடமும் ஸ்கான் எடுக்கிறவரிடமும் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். அந்த ஸ்கான் மெசினின் காந்தம் இரும்புத் துண்டை இழுத்து அசைத்துவிடும்.